குங்கிலிய வெண்ணெயின் குளிர்ச்சி

தடவியதும் சுள்ளென்று ஏறிக் கண்ணில் நீர் வரவழைத்தால்தான் அது நல்ல தைலம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் வீடுதோறும் புகுந்தபின், நெடிதான் வலிநிவாரணியின் இலக்கணம் என்றாகிவிட்டது. இந்த அளவுகோலை நான் ஏற்பதில்லை. களிம்பின் அருமை அதில் சேரும் மூலிகையின் காரத்தில் இல்லை, அந்த மூலிகையை ஏந்தி நிற்கும் கூட்டின் பதத்தில் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் குங்கிலிய வெண்ணெயைக் கொஞ்சம் கவனித்தால் இது விளங்கும்.

குங்கிலியம் என்னும் மரப்பிசினின் பொடி, நல்லெண்ணெய், தண்ணீர். சரக்கு இவ்வளவுதான். எண்ணெயைக் காய்ச்சிப் பொடியைத் தூவி, பிசின் கரையும்வரை இளந்தீயில் கிண்ட வேண்டும். தீ மிஞ்சினால் கருகி மணம் கெடும். வடிகட்டி ஆறவிட்டு, தண்ணீர் சேர்த்துக் கடைய வேண்டும். அந்த நீரை இறுத்துவிட்டுப் புதுநீர் விட்டு மீண்டும் கடைய வேண்டும். தேன் நிறத்தில் இருந்த எண்ணெய் கடையக் கடைய வெளுத்து, உப்பி, விரலில் ஏந்தினால் வழியாமல் நிற்கிறது. வெள்ளை நிறம் வர எதையும் சேர்ப்பதில்லை. எண்ணெய்க்குள் சிக்கிய நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. எண்ணெயும் நீரும் பிரிந்துபோகாமல் பிடித்து வைப்பது அந்தப் பிசின். மருந்துச் சரக்கே கட்டுமானச் சரக்காகவும் நிற்கும் இந்தச் சிக்கனத்தைத்தான் நான் பெரிதும் ரசிக்கிறேன். ஆயுர்வேதத்தில் நெய்யை நூறு முறை நீரில் கழுவிச் செய்யும் சததௌத கிருதமும், இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவர் கேலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் கொண்டு செய்ததாகச் சொல்லப்படும் களிம்பும் இதே யோசனையின் வேறு வடிவங்கள். இன்றைய கோல்ட் கிரீமுக்கு அந்தக் களிம்பே மூதாதை.

இவை தரும் குளிர்ச்சி நிஜமானது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் கொண்டுபோகிறது. சுள்ளென்று ஏறும் தைலங்களில் சேரும் புதினா உப்பு (மெந்தால்) அப்படிச் செய்வதில்லை. குளிரை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது, அவ்வளவே. தோல் குளிர்ந்ததாக மூளை எண்ணிக்கொள்கிறது. அந்த ஏற்பி 2002இல் அடையாளம் காணப்பட்டது. அதில் பங்கு கொண்ட டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் வெப்ப, தொடு ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். அப்படியானால் புதினா உப்பு ஏமாற்றா என்றால், இல்லை. குளிர்ச் செய்தி முந்திக்கொண்டு போகையில் வலிச் செய்தி மங்கும். தேய்க்கும் கையும் அதற்குத் துணை நிற்கும். சுளுக்குக்கும் தசைவலிக்கும் அது போதும். ஆனால் தோல் உரிந்த புண்ணில் அதே சரக்கு எரியும். அங்கே கூச்சல் போடாத களிம்புதான் வேண்டும். புண்ணுக்கும் மூலத்துக்கும் சித்தர் மரபு குங்கிலிய வெண்ணெயைத் தேர்ந்தது பொருத்தம்தான்.

1872இல் காப்புரிமை பெற்ற வாசலின் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தோலின் ஈரம் வெளியேறாமல் காப்பதில் வாசலினை வெல்வது கடினம், எளிதில் கெட்டும் போகாது. ஆனால் அதில் நீர் இல்லை, ஆகவே அந்தக் குளிர்ச்சியும் இல்லை. மறுபுறம், குங்கிலிய வெண்ணெயில் உள்ள நீரே அதன் பலவீனமும்கூட. கிருமி வளரும், எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். தீப்பட்ட இடத்தில் எடுத்ததும் அப்புவதற்கும் இது உகந்ததல்ல. முதலில் 20 நிமிடம் ஓடும் நீரில் காட்ட வேண்டும். கொப்புளம் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும். செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்ற வாதத்துக்கோ எந்த ஆதாரமும் இல்லை. கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம். வலித் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கும் மேலான வீரியம் உண்டு.

குங்கிலிய வெண்ணெய் வாங்குகிறவர் முதலில் முகர்ந்து பார்க்கட்டும். பழைய எண்ணெய் வாடை வரக் கூடாது. பிறகு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கட்டும். மணல்போல நெருடினால் பிசின் சரியாகக் கரையவில்லை. மேலே நீர் கசிந்து நின்றால் கடைந்தது போதவில்லை.