மூன்றாவது ஆசிரியர்

கொல்கத்தாவின் அலிப்பூர் என்றால் தேசிய நூலகமும் மிருகக்காட்சிசாலையும், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் நிற்கும் பங்களாக்களும் நினைவுக்கு வரும். அந்த வீட்டுப் பிள்ளைகள் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அங்கே சமைப்பவர், கார் ஓட்டுபவர், இரவுக் காவல் நிற்பவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத்தான் அரசுத் தொடக்கப்பள்ளி. 2023இல் மேற்கு வங்க அரசு, 30 மாணவர்கூட இல்லாத பள்ளிகள் என்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டது. கொல்கத்தாப் பள்ளிகளும் அதில் உண்டு. இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பட்டியல் நம் முன் வைத்தது. அதற்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

பள்ளிகள் பற்றிய மத்திய அரசின் யுடைஸ் கணக்கில் 2024-25ஆம் ஆண்டுக்கான எண்களைப் பாருங்கள். மேற்கு வங்கத்தில் ஒரு மாணவர்கூடச் சேராத பள்ளிகள் 3,812. அவற்றின் பெயரில் 17,965 ஆசிரியர்கள். அதே மாநிலத்தில் ஓராசிரியர் பள்ளிகள் 6,482. அவற்றில் 2,35,494 மாணவர்கள். அதாவது பிள்ளையே இல்லாத பள்ளிக்குச் சராசரியாக நான்கைந்து ஆசிரியர். முப்பத்தாறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒரே ஒருவர். இது எல்லா நிர்வாகப் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு. ஆகவே அந்த 17,965 பேரையும் அரசு விரும்பிய இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஆளே இல்லை என்ற சாக்கு இந்த எண்களின் முன் நிற்காது. இருக்கும் ஆட்கள் தவறான இடத்தில் இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய ‘உத்சஸ்ரீ’ இடமாறுதல் திட்டம் ஆசிரியர்கள் சொந்த ஊருக்கு அருகே வர வழிசெய்தது. அவர்கள் விட்டுவந்த கிராமப் பள்ளிகளின் காலியிடங்களை நிரப்ப அதே வேகம் காட்டப்படவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப்பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. ஓராசிரியர் பள்ளிகள் இதைக்கூட எட்டவில்லை. எட்டினாலும் போதாது என்பதுதான் என் கட்சி. சட்டம் பிள்ளைகளின் தலையை எண்ணுகிறது. பள்ளி நடப்பதோ வகுப்புக் கணக்கில். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தலை அதே சட்டம் விதிக்கிறது. முன்தொடக்க வகுப்பை விட்டுவிட்டு நான்கு வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 3,200 மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் தர முடிந்தது 1,600. மதிய உணவுக் கணக்கையும் இணையப் பதிவேடுகளையும் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். சட்டத்தின் 27ஆம் பிரிவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் ஆசிரியரை அழைக்க இடம்தருகிறது. வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஒருவர் போன அன்றைக்கே ஈராசிரியர் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும்.

பல வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துக் கற்பிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆந்திரத்தின் ரிஷிவேலி அதற்கு முறை வகுத்துக் காட்டியது. அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், படிநிலைகள், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்ற குறிப்பு என ஆசிரியரின் முழுக் கவனத்தையும் கேட்கும் முறை அது. வாசலுக்கும் கரும்பலகைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை ஆசிரியரிடம் அதைக் கொடுத்தால் அட்டைகள் அலமாரியில்தான் இருக்கும்.

அப்படியானால் மூடிவிட்டு இணைத்துவிடலாமே? இந்த வாதத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மூன்று பேர் மட்டும் உள்ள வகுப்பில் விவாதம் இல்லை, கபடி ஆடக் குழு இல்லை, போட்டி போடத் தோழன் இல்லை. அலிப்பூர், சேத்லா போன்ற நெருக்கமான பகுதியில், குழந்தை பாதுகாப்பாக நடந்துபோகும் தொலைவில் இன்னொரு அரசுப் பள்ளி, அதே பயிற்று மொழியில் இருந்தால் இணைப்பதே நல்லது. ஆனால் சுந்தரவனத்தில் அடுத்த பள்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கலாம். அங்கே இணைப்பது குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்குச் சமம். 2001 முதல் கிராமப் பள்ளிகளை வேகமாக மூடிய சீனா, 2012இல் அதை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது.

பாடத்துக்கு அப்பால் பிள்ளைக்கு வேண்டிய துணையைப் பற்றியும் பேச வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. இருபது பேர் பள்ளியில் அப்படி ஒரு குழந்தைதான் இருக்கும். ஒன்றுதானே என்று எந்தக் கணக்கும் அதைச் சேர்க்காது. பக்கத்துப் பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து ஒரு சிறப்பாசிரியரையும் ஒரு எழுத்தரையும் பகிர்ந்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் பள்ளித் தொகுப்பு என்ற யோசனையில் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான். இந்தத் துணை இல்லாத இடத்தை டியூஷன் நிரப்புகிறது. 2022ஆம் ஆண்டு அசர் கல்வி ஆய்வின்படி மேற்கு வங்கக் கிராமப்புறத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் கதி.

என் தீர்ப்பு இது. நடந்து போகும் தொலைவில் மாற்றுப் பள்ளி இல்லாத எந்தச் சிறு பள்ளியையும் மூடக்கூடாது. மாணவர் எண்ணிக்கை எதுவானாலும் அங்கே மூன்று ஆசிரியர் இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பிலோ தேர்தல் பணியிலோ போனாலும் இருவர் மிஞ்சுவார்கள். மாணவர் இல்லாத பள்ளிகளில் உள்ள அரசு ஆசிரியர்களைக் கொண்டு பணி நிரவல் தொடங்கட்டும். அதில் முதல் வரிசை, 6,482 ஓராசிரியர் பள்ளிகளுக்கு.