தரகரும் சிறியோரும்: ஒரு சிக்காகோ நூல் பற்றிய சில கருத்துக்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசுமிடத்து இனத்தை முன்னிறுத்தி வர்க்கத்தை மறந்துவிடுதல் நம்மிடையே பெருவழக்கு. சமூகவியலாளர் மேரி பட்டில்லோ 2007 இல் வெளியிட்ட 'பிளாக் ஒன் த புளொக்' என்னும் நூல் அவ்வழக்கை அசைக்கின்றது. சிக்காகோவின் தென்பகுதியில், மிச்சிகன் ஏரியை அண்டியுள்ள வட கென்வூட் - ஓக்லண்ட் என்னும் அயலே அவரது ஆய்வுக்களம்.

கறுப்பருக்கு விற்கலாகாது என வீட்டு உறுதிகளில் நிபந்தனை எழுதிவைத்த நகரம் அது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல்செய்யலாகாது என 1948 இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காலப்போக்கில் வறுமையுற்றுப் பாழடைந்த இவ்வயலுக்குக் கறுப்பின உத்தியோகத்தர் வீடு வாங்கி வந்தனர். தம்மினத்தார் நடுவே வாழும் விருப்பும் அவர்களை ஈர்த்தது. ஆயின் வந்தவர்களுக்கோ முன்றிலில் இறைச்சி வாட்டுவதும் தெருவோரத்திற் கார் திருத்துவதும் ஒழுங்கீனமாகப் பட்டன. நிறம் ஒன்றே, முன்றில் பற்றிய எண்ணம் வேறு.

வெள்ளை அதிகாரத்துக்கும் வறிய கறுப்பருக்கும் இடைநிற்கும் இவர்களைப் பட்டில்லோ தரகராகக் காண்கிறார். ஆங்கிலத்தில் 1957 இல் வெளிவந்த பிரேசியரின் 'பிளாக் பூர்சுவாசி' இவ்வர்க்கத்தை எள்ளியது. பட்டில்லோ எள்ளவில்லை; தாமும் அங்கு வீடு வாங்கியவர் என்பதை மறைக்கவுமில்லை. நூலின் பலம் இந்நேர்மையே. பலவீனமும் அதிலிருந்தே பிறக்கின்றது என்பேன்.

ஏரிக்கரையில் நின்ற பொது வீடமைப்பு மாடிகளிலிருந்து திருத்தவேலைக்கென வெளியேற்றப்பட்டோருக்கு மீளக் குடியமரலாம் என்ற வாக்குறுதி அளிக்கப்பட்டது. 1998 இல் அவற்றுள் நான்கு மாடிகள் தகர்க்கப்பட்டன. ஈடாகக் கட்டப்படும் வீடுகள் குறைவாகவே இருத்தல் வேண்டும் என வாதாடியோருள் கறுப்பின வீட்டுரிமையாளரும் இருந்தனர். இவற்றையெல்லாம் ஒளியாது பதிவுசெய்யும் ஆசிரியர், பின்னர் ஓர் ஆறுதலைத் தேடுகின்றார்: கருத்து மோதினும் ஒதுங்காது கலந்துகொள்வதே இனப்பற்று என்பது அவர் நிலைப்பாடு.

இதனை என்னால் ஏற்க இயலவில்லை. விவாதம் சமமாகுவதற்கு இரு பகுதியாரும் கூட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒருவர் தம் வீட்டின் பெறுமதி குறித்துப் பேசுகிறார். மற்றவருக்கோ அங்கு வீடே இல்லை, நகரின் வேறொரு மூலைக்கு அவர் பெயர்க்கப்பட்டுவிட்டார். அவர் எந்த முகவரியைச் சொல்லி அக்கூட்டத்தில் எழுந்து பேசுவார்?