மாடிப்படிக்குக் கீழிருந்து மும்பை வரை

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய ஒரு சின்ன அறையில், 12 வருஷமாக இரண்டு சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பெயின்ட் வாளி. யூபிஎஸ் தாங்குவது இருபது நிமிஷம். அதற்குள் ஜெனரேட்டர் போடாவிட்டால் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் பதற்றம். அந்தச் சர்வர்களில் இருந்ததை எல்லாம் கிளவுடுக்குக் கொண்டுபோகும் வேலையில் நானும் இருந்தேன். ஞாயிறு நள்ளிரவுக்குள் மொத்தத்தையும் மும்பையில் உள்ள கிளவுட் மையத்துக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். திங்கள் காலை எட்டரைக்கு டிஸ்பாட்ச் பிரிவில் மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. பில் போடும் பெண் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை வரை தட்டிய உடனே திறந்த பில், இப்போது ஒவ்வொன்றும் ஆறு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. “நெட் ஸ்லோவுங்களா சார்?” என்று கேட்டார்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பில்லிங் மென்பொருள் ஒரு பில்லைத் திறக்க டேட்டாபேஸை ஏறக்குறைய 200 தடவை கேட்கும். வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு தடவை, ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் விலை, ஸ்டாக், தள்ளுபடி என்று தனித்தனியாக. சர்வர் அதே கட்டடத்தில் இருந்தவரை ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. கோவையிலிருந்து மும்பைக்குப் போய்த் திரும்ப 30 மில்லி விநாடி. 200 தடவைக்கு ஆறு விநாடி. இணைய வேகத்தை இரண்டு மடங்காக்கி இருந்தாலும் அது குறைந்திருக்காது; அது தூரத்தின் கணக்கு. பில்லிங் புரோகிராமையும் மும்பையிலேயே ஓடவிட்டு, இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையை மட்டும் பார்க்கும்படி மாற்றுவதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது.

இத்தனைக்கும் அங்கே எந்த இயந்திரமும் பழுதாகவில்லை, யாரும் தவறான பட்டனை அழுத்தவும் இல்லை. அந்த மென்பொருள் டேட்டாபேஸின் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியது என்பதை எங்களில் ஒருவரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிறுவனங்களின் இடமாற்றத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலானவை கிளவுடுக்குப் போவது சரிதான். ஆனால் அவை போகும் விதம் பெரும்பாலும் தவறு. பத்து வருஷத்தில் ஓர் அலுவலகம் தன் சர்வரைப் பற்றிச் சேர்த்துவைத்த அறிவு ஏதோ ஒரு ஆளின் தலையில் இருக்கிறது. ஏற்றி அனுப்பும் பட்டியலில் அது ஏறுவதே இல்லை.

சரி என்று சொல்வதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஒரு அலுவலகத்தின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சர்வர் பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறு. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் அதே ரேக்கின் கீழ்த்தட்டில் இருந்தது. எட்டு வருஷக் கணக்கை அச்சடித்த பில்களிலிருந்தும் ஆடிட்டரிடம் இருந்த பிரதிகளிலிருந்தும் மறுபடி தட்டச்சு செய்தார்கள். இப்படி ஒரு காட்சியைக் கண்ணால் பார்த்தவர் ‘என் சர்வர் என் கட்டடத்தில்’ என்று பெருமை பேசமாட்டார். ஒரு பெரிய தரவு மையத்துக்கு வரும் இரட்டை மின்பாதை, குளிரூட்டல், தீயணைப்பு, இரவு பகலாகக் காவல், டிஸ்க் செத்தால் நாம் அறியும் முன்னே மாற்றிவிடும் ஆட்கள் ஆகிய எதையும் ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனியால் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. முன்பு கிளவுட் மையங்கள் வெளிநாட்டில் இருக்கின்றனவே என்று தயங்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய மூன்று ஊர்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் மையம் திறந்த பிறகு அந்தத் தயக்கத்துக்கும் பெரிய நியாயம் இல்லை.

ஆனால் கிளவுடை விற்பவர்கள் இந்தப் பாதுகாப்பைச் சொல்லி விற்பதில்லை. ‘செலவு குறையும்’ என்றே விற்கிறார்கள். என் கருத்து வேறுபடுவது இங்கேதான்.

அந்தத் தொழிற்சாலை முதலாளி மூன்றாவது மாத பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏந்தம்பி, இத்தனை வருஷம் அந்தப் பொட்டி எங்கிட்ட மாசாமாசம் காசு கேக்கலியே?” நியாயமான கேள்வி. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சர்வருக்குக் கணிக்கும் ஆயுள் 6 வருஷம். அவர் 12 வருஷம் ஓட்டியிருந்தார். பின்பாதி 6 வருஷம் கணக்குப் புத்தகத்தில் ஏறக்குறைய மதிப்பே இல்லாத இயந்திரம் அவருக்கு உழைத்துக் கொடுத்தது. வாடகைச் சர்வரில் அந்தப் பின்பாதி கிடையாது. ஓடும் ஒவ்வொரு மணிக்கும் காசு. மாதத்துக்கு 730 மணி. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், 26 நாள் வேலை என்று வைத்தால் அலுவலகத்துக்கு உண்மையில் தேவை 260 மணிதான். இரவில் அணைத்து வைத்தால் பில் நன்றாக இறங்கும். ஆனால் சர்வரை அணைக்கவே கூடாது என்று பழகிய கைக்கு அணைக்க மனம் வருவதில்லை. டெஸ்டுக்கு என்று எழுப்பிய சர்வர் தீபாவளி விடுமுறையிலும் ஓடிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அளவும் அப்படித்தான். சொந்தமாக வாங்கும்போது ஐந்து வருஷ வளர்ச்சிக்கும் சேர்த்து 64 ஜிபி மெமரி வாங்குவது புத்திசாலித்தனம். அதே 64 ஜிபியை வாடகைக்கு எடுத்து, அதில் 12 ஜிபியை மட்டும் பயன்படுத்துவது வீண். விலைப்பட்டியல் வேறு பல இடங்களில் டாலரில் இருக்கிறது. ரூபாய் சரிந்தால் நாம் எதுவும் கூட்டாமலே பில் கூடும்.

இருந்ததை இருந்தபடியே தூக்கி வைக்கும் இந்த வழிக்கு எங்கள் தொழிலில் ‘லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட்’ என்று பெயர். வேகமானது, விற்க எளிதானது, செலவில் மிக மோசமானது. நெட்ஃபிளிக்ஸ் முழுக்க அமேசானின் கிளவுடுக்குப் போய்விட்டது, நாமும் போவோம் என்று கூட்டங்களில் சொல்வார்கள். நெட்ஃபிளிக்ஸின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் சிதைந்து மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது, அதுதான் தொடக்கம். இடமாற்றம் முடிந்தது 2016 ஜனவரியில். இடையில் ஏழு வருஷம். பழையதை அப்படியே தூக்கி வைத்தால் பழைய குறைகளும் கூடவே வரும் என்று உணர்ந்து, ஏறக்குறைய எல்லா மென்பொருளையும் திருப்பி எழுதினார்கள். இன்னொன்றும் உண்டு. நாம் வீட்டில் பார்க்கும் வீடியோவை அனுப்பும் பெட்டிகள் அமேசானுடையவை அல்ல. ‘ஓப்பன் கனெக்ட்’ என்ற பெயரில் நெட்ஃபிளிக்ஸே செய்து, இணைய நிறுவனங்களிடம் கொண்டுபோய் வைத்தவை. எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று வேலைவேலையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு அவர்களை உதாரணம் காட்டுகிறோம்.

திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பேஸ்கேம்ப், ஹே ஆகிய இணையச் சேவைகளை நடத்தும் 37சிக்னல்ஸ் 2022இல் கிளவுடுக்காகச் செலவிட்டது 32 லட்சம் டாலர். சுமார் 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கி அடுத்த வருஷமே பெரும்பகுதியை வெளியே எடுத்தார்கள். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் மிச்சம் என்று அதன் தொழில்நுட்பத் தலைவர் டேவிட் ஹைனமையர் ஹான்சன் பிறகு எழுதினார். புதிதாக ஆள் எடுக்கவில்லை என்றும் சொன்னார். கிளவுடை எதிர்ப்பவர்கள் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் சர்வர் நடத்தத் தெரிந்த ஆட்கள் வருஷக்கணக்காக இருந்தார்கள், வேலையின் அளவும் பெரிதாக ஏறி இறங்காதது. பெட்டியையும் அவர்கள் மாடிப்படிக்குக் கீழே வைக்கவில்லை. வேறொருவர் நடத்தும் தரவு மையத்தில் இடம் பிடித்து வைத்தார்கள். நம் ஊர் நடுத்தரக் கம்பெனிக்கு இந்தப் பாதை அவ்வளவு எளிதில் பொருந்தாது.

எனக்குச் செலவைவிடப் பெரிய கவலை வேறு. கிளவுடுக்குப் போனதும் ‘பேக்கப்பெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க’ என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது. அவர்கள் பார்த்துக்கொள்வது டிஸ்கை. நம் தரவு நமக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது நம்முடைய வேலை. ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஓய்வூதிய நிதி யூனிசூப்பர். 2024 மே மாதத் தொடக்கத்தில் கூகுள் கிளவுடில் இருந்த அதன் தனி அமைப்புகளில் ஒன்று முழுதும் அழிந்துபோனது. ஒன்று போனால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு இடங்களில் வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே போயின. ஒரு வருஷம் முன்பு அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதே காரணம் என்று பிறகு தெரிந்தது. உறுப்பினர்களால் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. மீளப் பெரிதும் உதவியது எது? வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பிரதி வைத்திருந்தார்கள். கிளவுடை நம்பியும் அதற்கு வெளியே ஒன்றை வைத்திருந்த அந்தப் பெயர் தெரியாத ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. காசு கட்டிய உரிமங்கள் இருந்தும் எங்கள் தரவையே எங்களால் தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அதன் பிறகு சேவை திரும்பியது. இங்கே இந்தியச் சட்டப்படியோ நயாரா மீது எந்தத் தடையும் இல்லை. சர்வர் புணேயில் இருக்கிறதா சென்னையில் இருக்கிறதா என்பதோடு, அதன் சாவி எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். நல்ல விதி. எடுத்து வைத்த பிரதியிலிருந்து கணக்கை மறுபடி எழுப்ப முடியுமா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அதற்குப் பலன்.

அப்படி உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஆளைத்தான் இடமாற்றத்தின்போது நிறுவனங்கள் முதலில் இழக்கின்றன. அந்தக் கோவைத் தொழிற்சாலையில் 15 வருஷமாக சர்வரைப் பார்த்துக்கொண்டவர், எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து தானே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர். சர்வரே இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். திட்டச் செலவில் அதை ஒரு மிச்சமாகக் காட்டினார்கள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. நான் எதிர்த்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் டீலர்களிடமிருந்து போன் மேல் போன்: விலைப்பட்டியல் வரவில்லை, பழைய விலையில் விற்றுக்கொண்டிருக்கிறோம். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு வேலையே இல்லை. ஸ்டோர்ஸுக்குப் போய்க் கேட்டேன். கையில் பேரிங் பெட்டியை வைத்துக்கொண்டே சொன்னார்: “அது பழைய சர்வர்ல ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடுமுங்க சார். விலை மாறுன அன்னைக்கு மட்டும் மெயில் அனுப்பும். யாரும் எங்கிட்டக் கேக்கலீங்களே.”

அடுத்த மாதம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இரவில் எந்தெந்தச் சர்வரை அணைப்பது என்பதை இப்போது அவர்தான் முடிவு செய்கிறார். பேக்கப்பின் ஒரு பிரதி வேறு நிறுவனத்தின் மையத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, ஷிஃப்ட் முடிந்ததும், ஒரு வெற்றுச் சர்வரை எழுப்பி, அந்தப் பிரதியிலிருந்து மொத்தக் கணக்கையும் ரிஸ்டோர் செய்து, ஒரு பில் போட்டுப் பார்க்கிறார். முதல் தடவை ஒன்பது மணி நேரம் ஆகியும் முடியவில்லை. பாஸ்வேர்டு ஒன்று யாரிடமும் இல்லை. இரண்டாவது தடவை ஆறு மணி நேரம். அவருடைய நீல அட்டை நோட்டில் தேதியும் நேரமும் வரிசையாக இருக்கின்றன. போன மாதம் போயிருந்தபோது கடைசி வரியைக் காட்டினார்: 2 மணி 10 நிமிஷம், பில் சரி.