கறுப்புத் திரையில் கடிதம் தேடுதல்

கல்முனையில் பேச்செல்லாம் வட்ஸ்அப்பில் நடந்துவிடுகிறது. ஜனாஸா அறிவித்தலும் பள்ளிவாசல் கூட்டமும் மீன் விலையும் அதிலேயே வந்து அதிலேயே அடியில் போய்விடும். மின்னஞ்சலுக்கு மிஞ்சியது கடதாசி வேலை: பல்கலைக்கழக விண்ணப்பம், கட்டார் கம்பனிக்கு அனுப்பிய சுயவிபரக்கோவை, வங்கிக் கூற்று, சுற்றுநிருபம், ஆய்வரங்குக்கான கட்டுரைச் சுருக்கம். வந்த அன்று இவற்றை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, மாதங்கள் கழித்து அவசரத்தில் தேடுகிறோம். ஆகவே ஒரு மின்னஞ்சல் நிரலை நம் ஊரில் வைத்து மதிப்பிடுவதென்றால், வேண்டிய கடிதத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துத் தருகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சுட்டியைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பட்டியலிட்டு வடிகட்டும் பழைய முறையை இந்தக் கேள்வியோடு அணுகினால் பாதிக்கு உற்சாகமும் பாதிக்கு எரிச்சலும் வருகிறது.

முறை உண்மையிலேயே பழையது. 1978இல் பேர்க்லியில் கேர்ட் ஷோன்ஸ் எழுதிய மெயில் நிரலிலேயே அனுப்பியவர் பெயரையோ தலைப்பில் உள்ள ஒரு சொல்லையோ கொடுத்துக் கடிதங்களைப் பொறுக்க முடிந்தது. 1979இல் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எம்எச்சை எழுதினார். அதில் ஒவ்வொரு கடிதமும் தனிப் பைல், ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கட்டளை. பட்டியலுக்கு ஸ்கேன், பொறுக்க பிக், இடம் மாற்ற ரீஃபைல். இலங்கைக்கு மின்னஞ்சல் பரவலாக வந்த வழி பல்கலைக்கழகங்கள்தான். மொறட்டுவையை மையமாகக் கொண்டு லேர்ன் வலையமைப்பு 1990இல் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே கடிதங்கள் மூட்டையாகச் சேர்ந்து போய்வந்தன. இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரியாகத் திறக்கப்பட்டது 1995 ஒக்டோபரில். இன்றைக்கும் கறுப்புத் திரைக்காரர்கள் கைவிடாத மட் நிரலை மைக்கேல் எல்கின்ஸ் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டும் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டன.

பட்டியலிடுவதில் இந்த முறையை மிஞ்ச ஆளில்லை. ஸ்கேன் கட்டளை ஒரு கடிதத்துக்கு ஒரே வரிதான் தரும்: எண், திகதி, அனுப்பியவர், தலைப்பு. வரியில் இடம் மிஞ்சினால் கடிதத்தின் முதற் சில சொற்களையும் அதில் ஒட்டிவிடும். படமில்லை, விளம்பரமில்லை, "உங்களுக்கு முக்கியமானது" என்று கூகுள் தானாகத் தீர்மானித்து மேலே தூக்கி வைத்ததும் இல்லை. ஒரு திரையில் நாற்பது கடிதங்கள் கண்முன் வரிசையாக நிற்கும். மட் முதலில் கேட்பது தலைப்பு விபரங்களை மட்டுமே. இணைப்பாக வந்த பெரிய பைல்கள் நாம் அந்தக் கடிதத்தைத் திறக்கும்வரை சேவையகத்திலேயே கிடக்கும். போன் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்ந்து வேலை செய்பவருக்கு இதன் அருமை தெரியும். கடிதங்களை எல்லாம் முன்கூட்டியே கணினியின் வட்டில் பிரதியெடுத்து வைக்கும் வழியும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாடு பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்டது. அப்படிப் பிரதியெடுத்து வைத்தவருக்கு அன்று ரூட்டர் செத்தாலும், மடிக்கணினியின் பற்றரி உள்ளவரை அவருடைய கடிதங்கள் அத்தனையும் தேடுவதற்குக் கையில் இருந்திருக்கும்.

வடிகட்டலுக்கு வருவோம். மட்டில் ஒரு விசையைத் தட்டி நிபந்தனையைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தியவை மட்டும் திரையில் எஞ்சும். இன்னாரிடமிருந்து வந்தவை, அவற்றில் ரமழானுக்குப் பிந்தியவை, அவற்றிலும் இன்னும் வாசிக்காதவை என்று நிபந்தனைகளை அடுக்கலாம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஹிமாலயா என்ற அண்மைக்கால நிரல், ஏறக்குறைய ஆங்கில வாக்கியம் போலவே கேள்வியை ஏற்றுக்கொள்ளும். ஜீமெயிலின் தேடற்பெட்டிக்கும் இது தெரியும், அதை மறைக்கக்கூடாது. அனுப்பியவர், திகதி, இணைப்பு என்று அங்கேயும் நிபந்தனை எழுதலாம். கறுப்புத் திரையின் தனிச்சிறப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வடித்தெடுத்த பட்டியலை அப்படியே இன்னொரு கட்டளையின் கையில் கொடுக்கலாம். ஒலுவிலில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச ஆய்வரங்கு போன்றதொன்றுக்குச் சுருக்கங்கள் வந்து குவியும் வாரத்தை எண்ணிப் பாருங்கள். இறுதித் திகதிக்கு முன் இணைப்போடு அனுப்பியவர்களின் முகவரிகளைப் பிரித்து, இரட்டித்தவற்றை நீக்கி, பதிவுசெய்தோர் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்னும் அனுப்பாதவர் யார் என்று சொல்ல மூன்று வரிக் கட்டளை போதும். அந்த மூன்று வரியையும் ஒரு பைலில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு வரும் செயலாளருக்கும் உதவும். மருதமுனைத் தறியில் பாவு ஓட்டிக் கட்டுவதுதான் நாளைத் தின்னும், கட்டி முடித்தால் சாரம் மளமளவென்று இறங்கும். இங்கேயும் கணக்கு அதேதான். எப்போதாவது ஒரு சாரம் வேண்டியவர் தறி கட்டுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலத் தலைப்புள்ள கடிதங்களுக்குச் சரி. தமிழ் நுழைந்ததும் காரியம் சிக்கலாகிறது.

மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்கென்று அமைக்கப்பட்டது. வேறு மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உருமாற்றி அனுப்பும் விதி 1990களில்தான் வந்தது. யூனிகோட் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். உருமாறும்போது அது நான்கு ஆங்கில எழுத்துகளாகிறது. ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மேல் நீளக்கூடாது என்பதும் விதி. முன்பின் அடையாளங்களைக் கழித்தால் ஒரு துண்டில் பதினைந்து தமிழ்க் குறிகளே அடங்கும். மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் "அபிவிருத்திச்" என்ற ஒற்றைச் சொல்லே பதின்மூன்றைத் தின்றுவிடும். "பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம்" என்பது மூன்று துண்டாகி, ஆங்கிலக் குப்பை போலவே பைலில் கிடக்கும். மட் இதை அவிழ்த்துப் பார்த்தே ஒப்பிடுவதால் அங்கே பிழைத்துக்கொள்ளலாம். கடிதப் பைல்களின் மேல் நேரடியாகச் சொல் தேடும் கிரெப் கட்டளையை ஓட்டுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. கடிதம் இல்லை என்றே முடிவுகட்டிவிடுவார். ஒவ்வொரு கடிதமும் வெறும் எழுத்துப் பைல், எந்தக் கருவியாலும் தேடலாம் என்று எம்எச் அன்பர்கள் பெருமையடிப்பார்களே, அது தமிழரைப் பொறுத்தவரை பாதிப் பொய்.

இதைவிடப் பெரிய தொல்லை பாமினி. அச்சகத்திலும் அலுவலகத்திலும் பல ஆண்டுகளாக ஊறிப்போன எழுத்துரு அது. அதில் தட்டிய வாசகத்தை அப்படியே கடிதத்தில் ஒட்டி அனுப்புவோர் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் "கல்முனை" என்பது கணினிக்கு எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி. அந்த ஆறு விசைகளையும் தட்டினால் கறுப்புத் திரையிலும் தேடலாம் என்பது ஒரு வேடிக்கையான ஆறுதல். ஆனால் பாமினியில் சின்ன கே "ம", பெரிய கே "மு". சேவையகத் தேடல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. "ம"வும் "மு"வும் அதற்கு ஒன்றுதான்.

யூனிகோட்டிலேயே ஒழுங்காக எழுதினாலும் தமிழ் இலக்கணம் சும்மா விடுவதில்லை. "கூட்டம்" என்று தேடினால் "கூட்டத்துக்கு வரவும்" என்ற கடிதம் சிக்காது. "கூட்ட" என்று வெட்டித் தேட வேண்டும். கார்ல் வேர்த் 2009இல் தொடங்கிய நொட்மச், கடிதங்களை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி நொடியில் தேடித் தருவது. அதன் வேகத்தில் எனக்குப் பெரிய மதிப்பு. ஆனால் சொல்லின் வேரைக் காணும் அதன் அறிவு ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. தமிழுக்குச் சொல்லின் முற்பகுதியைத் தந்து உடுக்குறி போடுவதே வழி.

பிறகு நம் பெயர்கள். முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் அதைவிடக் கூட. முன்னால் வரும் எம்.ஐ.எம்., ஏ.எல்., யூ.எல். போன்ற முதலெழுத்துகள் புள்ளியோடு ஒருநாள், புள்ளியில்லாமல் ஒருநாள். பெயரால் வடிகட்டுவது இந்தக் கரையோரத்தில் மண்ணில் எழுதிய கணக்கு. முகவரியால் வடிகட்டுவதே பாதுகாப்பு. ஆனால் அலுவலக வேலைக்கும் சொந்த ஜீமெயிலைப் பாவிக்கும் பழக்கம் உள்ள இடத்தில், உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றதும் முகவரியும் அவரோடு போய்விடும். தலைப்பை வெற்றாக விட்டு, ஸ்கேன் எடுத்த சுற்றுநிருபத்தைப் படமாக இணைத்து அனுப்புவோரின் கடிதத்தை இந்த நிரல்களால் உள்ளடக்கத்தைக் கொண்டு வடிகட்ட இயலாது. அந்தக் குறையை நிரலின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நிரலின் தலையில் கட்ட வேண்டிய குறை வேறு இருக்கிறது: அது பேசாது. மட்டில் நேற்றுப் போட்ட வடிகட்டியை எடுக்க மறந்தால், இன்று வந்த கடிதம் திரைக்கு வெளியே நிற்கும். ஓர் ஓரத்தில் அறிவிப்பு இருக்கும், அவ்வளவுதான். ஹிமாலயா பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தருவது. முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று எண்ணி அதன்மேல் கணக்குப் போட்டால் தொகை பிழைக்கும். நிபந்தனையைக் கடிதம் அழிக்கும் கட்டளையோடு சேர்த்தால் ஒரு புள்ளி பிசகினாலும் கடிதப் பிரிவே காலியாகும். வடித்ததை வேறு பிரிவுக்கு மாற்றலாம், அழித்தலைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று விதி வைத்துக்கொள்பவரே இதில் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறார்.

நுழைவாயிலும் முன்னைப்போல் இல்லை. 2022 மே 30க்குப் பிறகு தனிப்பட்ட ஜீமெயிலில் வெறும் கடவுச்சொல்லோடு இப்படிப்பட்ட நிரல்கள் நுழைவதைக் கூகுள் மூடத் தொடங்கியது. மட்டை ஜீமெயிலோடு பொருத்தும் எளிய வழி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தனிச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுப்பது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் புதிதாக முயல்பவர்கள் கைவிடுவதும் அநேகமாக இந்த வாசலிலேயே.

ஆய்வரங்குச் செயலாளருக்கும், சஞ்சிகை ஆசிரியருக்கும், லினக்ஸ் படிக்கும் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீட மாணவருக்கும் நான் இந்த முறையைத் துணிந்து சொல்வேன். மாணவருக்குப் பயிற்சி கொடுப்பதென்றால் ஆங்கில மாதிரிக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, தமிழ்த் தலைப்பும் பாமினி வாசகமும் கலந்த ஓர் இன்பொக்ஸைக் கொடுக்க வேண்டும். சாய்ந்தமருதில் கடை வைத்திருக்கும் காக்காவுக்குச் சொல்லமாட்டேன். இணைப்புள்ளவை, இன்ன திகதிக்கு முந்தியவை என்று ஜீமெயில் தேடற்பெட்டியில் எழுதுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தால் அவருக்கு அது போதும்.