அட்மிஷன் கிடைச்சாச்சு, அப்புறம்?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் விண்ணப்பிப்பது சுலபம். பெரும்பாலானவற்றில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். கட்-ஆஃப் என்ற பேச்சே இல்லை. கவுன்சலிங் ரேங்க்கைப் பார்த்து நடுங்கிய நமக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் அட்மிஷன் வாங்குவது வேறு, வகுப்பில் போய் உட்காருவது வேறு. நடுவில் ப்ளேஸ்மென்ட், நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம், பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வொன்றாக வரும். பலர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

தாமஸ் பெய்லி, ஷானா ஸ்மித் ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் மூவரும் எழுதிய ‘ரீடிசைனிங் அமெரிக்காஸ் கம்யூனிட்டி காலேஜஸ்’ (2015) இந்தச் சிக்கலைப் பேசும் முக்கியமான புத்தகம். ஏகப்பட்ட பாடங்களைக் கடைபரப்பி வைத்து, ‘வேண்டியதை நீயே எடுத்துக்கோ’ என்று விடுவதை ‘கஃபேடேரியா’ முறை என்கிறார்கள். மாணவர் பாதியில் நின்றால் அவரைக் குறை சொல்லாமல், கல்லூரியின் அமைப்பைக் கேள்வி கேட்கிறார்கள். புத்தகத்தின் பலமே இதுதான். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும்: நூறு பேர் ஒரே இடத்தில் தப்பான பட்டனை அழுத்தினால், தப்பு அந்த நூறு பேர் மேல் இல்லை.

அவர்கள் சொல்லும் தீர்வு ‘கைடட் பாத்வேஸ்’. சேரும்போதே ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க உதவி செய்து, பாட வரிசையையும் முன்கூட்டியே டீஃபால்ட்டாகப் போட்டுக் கொடுத்துவிடுவது. நல்ல யோசனைதான். எனக்கு இடிப்பது அந்த டீஃபால்ட்.

அவர்கள் எடுத்துக்காட்டும் கல்லூரிகளில் ஒன்று, நியூயார்க்கில் 2012-இல் தொடங்கிய கட்மன் கம்யூனிட்டி காலேஜ். அங்கே முதல் வருஷம் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் நாடு முழுக்க கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரம் படிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அசோசியேட் பட்டத்துக்குச் சுமார் 60 கிரெடிட். செமஸ்டருக்கு 15 எடுத்தால் 4 செமஸ்டரில் முடிந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு பாடம், அதாவது 6 கிரெடிட் எடுப்பவருக்கு 10 செமஸ்டர், ஐந்து வருஷம். இரண்டு வருஷத்துக்குப் போட்ட அட்டவணை இவருக்கு எதற்கு?

டீஃபால்ட் வைக்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு பயனர் இருக்கிறார். அந்தப் பயனர் யார் என்ற கேள்வியைப் புத்தகம் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம். இதைப் படித்த பிறகு, எந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: மாலை வகுப்புக்காரருக்கான ஐந்து வருஷ அட்டவணை அங்கே இருக்கிறதா?