பிரிட்டியர் 3: பாவித்துப் பார்த்தோம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஓடும் பஸ்களின் நேரத்தைப் போனில் பார்க்க ஒரு சின்ன இணையப்பக்கம் செய்கிறோம். உடையார்கட்டில் நான், அறிவியல்நகரில் படிக்கிற ஒரு தம்பி, கனடாவில் ஓர் அக்கா. நிரலின் உள்தள்ளலுக்கு எனக்கு இரண்டு இடைவெளி, தம்பிக்கு டாப், அக்காவுக்கு நாலு இடைவெளி. முல்லைத்தீவுக் கடைசி பஸ்ஸின் நேரத்தை மட்டும் ஒருவர் திருத்தி அனுப்பினாலும், கோப்பு முழுக்க மாறிவிட்டதாக கிட் காட்டும். எது உண்மையான திருத்தம் என்று தேடுவதற்குள் பொழுது பட்டுவிடும். இதற்கு ஊரெல்லாம் சொல்லும் மருந்து பிரிட்டியர்.

கோட்டை ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றும் புதிதல்ல. யுனிக்ஸில் 1970களிலேயே ‘இன்டென்ட்’ இருந்தது. கோ மொழி தன் ஒழுங்காக்கியைக் கூடவே கொண்டு வந்தது. பைதன்காரருக்கு 2018இலிருந்து ‘பிளாக்’ இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜேம்ஸ் லோங் 2017 ஜனவரியில் வெளியிட்டதுதான் பிரிட்டியர். நாம் விட்ட இடைவெளி, வரி முறிப்பு எல்லாவற்றையும் அநேகமாக வீசிவிட்டு, நிரலின் அமைப்பை மட்டும் மரமாகப் புரிந்துகொண்டு முதலிலிருந்து அச்சடிக்கிறது. பிலிப் வாட்லர் என்ற கணினி அறிஞரின் ஆய்வுக்கட்டுரை ஒன்றிலிருந்து வந்த உத்தி இது. அது பிடிவாதமாக நடப்பதன் காரணமும் இதுதான். உங்கள் எழுத்தைத் திருத்துவதில்லை, தன் கையால் திரும்ப எழுதுகிறது.

நிறுவுவது சுகம். நோட் 14 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் போதும், பழைய லப்டொப்பும் தாங்கும். வேறு எந்தப் பொதியையும் சார்ந்திராததால் போன் டேட்டாவிலேயே சில மெகாபைட்டில் வேலை முடிந்துவிடும். சிக்னல் படுத்துவிடும் வீடுகளுக்கு இன்னொரு வழி: ‘என்பிஎம் பாக்’ கட்டளையால் பொதியை ஒரே கோப்பாக இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுபோய், அந்தக் கோப்பிலிருந்தே நிறுவலாம்.

நிறுவும்போது ‘சேவ் எக்ஸாக்ட்’ என்ற தெரிவைக் கட்டாயம் சேருங்கள். பதிப்பு மாறினால் ஒழுங்கும் மாறும். 2023இல் 3ஆம் பதிப்பு வந்தபோது, பல வரிகளில் விரியும் பட்டியலின் கடைசி உருப்படிக்குப் பின் போலவே, செயற்கூற்று அழைப்புகளின் முடிவிலும் கொம்மா போடுவதே இயல்பாகியது. ஒருவரிடம் 2, மற்றவரிடம் 3 இருந்தால் கொம்மா வருவதும் போவதுமாக இருக்கும். விஎஸ் கோட் நீட்சிக்குள்ளும் ஒரு பிரிட்டியர் இருக்கிறது. திட்டக் கோப்புறையில் நீங்கள் நிறுவியது இருந்தால் அதைத்தான் அது எடுக்கும். சேமிக்கும்போதே ஒழுங்காக்கும் வசதி விஎஸ் கோட்டில் இயல்பாக அணைந்திருக்கும். அதைப் போட்டு, இயல்பு ஒழுங்காக்கியாகப் பிரிட்டியரைத் தெரிவு செய்துவிட வேண்டும். அப்படித் தெரியாமல் விட்டு, வேறு ஒழுங்காக்கியும் கிடந்தால் எதைப் பாவிப்பது என்று விஎஸ் கோட்டுக்குத் தெரியாது.

தம்பி முதல் தடவை சேமித்ததும் போன் அடித்தார். “அண்ணா, நான் எழுதின கோட்டைக் காணேல்லை. ஆரோ எழுதின மாதிரிக் கிடக்கு.”

“பயப்பிடாதை. வேலை செய்யிற விதத்தை அது தொடேல்லை, தோற்றம்தான் மாறினது.”

அமைப்புக் கோப்பில் மாற்ற அதிகம் இல்லை. வரி அகலம் 80, உள்தள்ளல் 2 இடைவெளி, இரட்டை மேற்கோள், அரைப்புள்ளி உண்டு. புதுத் தோற்றத் தெரிவுகளை இயன்றவரை சேர்ப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒற்றை மேற்கோள்தான் விருப்பம், அதைக்கூட மாற்றாமல் விட்டேன். மாற்றத் தொடங்கினால் பழைய வழக்கு திரும்ப நீதிமன்றம் ஏறும்.

உண்மையான தலையிடி வேறு இடத்தில் இருந்தது. தம்பியின் விண்டோஸ் லப்டொப்பில் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினால் எல்லாக் கோப்பும் பிழை என்கிறது. திறந்து பார்த்தால் ஒன்றும் வித்தியாசமில்லை. வரியின் முடிவில் லினக்ஸும் மக்கும் ஒரு மறைக்குறியை வைக்கின்றன, விண்டோஸ் இரண்டை வைக்கிறது. 2020இல் வந்த 2ஆம் பதிப்பிலிருந்து பிரிட்டியர் ஒற்றைக் குறியைத்தான் ஏற்கிறது. விண்டோஸுக்கான கிட்டோ, நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ அடித்துக்கொண்டு போனால், கோப்புகளை இரட்டைக் குறியாக மாற்றித்தான் இறக்கும். பிரிட்டியரில் இதை ‘ஓட்டோ’ என்று விட்டுத் தப்பலாம்தான், ஆனால் இரண்டு வகைக் கோப்பும் கலந்துவிடும். சரியான இடம் கிட்டின் ‘ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பு. எல்லாக் கோப்புக்கும் ஒற்றை முடிவுதான் என்று அதில் ஒரு வரி எழுதி, களஞ்சியத்தைப் புதிதாக இறக்கினால் தீர்ந்தது.

பழைய திட்டத்தை முதன்முதலில் ஒழுங்காக்கும்போது வரலாறு குழம்பும். யார் எந்த வரியை எழுதினார் என்று கேட்டால், பிரிட்டியரை ஓட்டியவரின் பெயர்தான் எங்கும் நிற்கும். ஆகவே ஒழுங்காக்கலை மட்டும் தனி ஒரு கமிட்டாகப் போடுங்கள். 2019இல் வந்த கிட் 2.23இலிருந்து, அப்படிப்பட்ட கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்து அதைப் புறக்கணி என்று சொல்லலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். எங்கள் தரிப்பிடப் பட்டியல் ஒரே வரியில் இருந்தது: பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. ‘ஸ்டொப்ஸ்’ என்று ஐந்து ஆங்கில எழுத்தில் மாறியின் பெயர், மேற்கோள்கள், அடைப்புகள் எல்லாம் சேர்த்து நாம் எண்ணுவதுபோல் எண்ணினால் 77. எண்பதுக்குள் அடங்குகிறது. பிரிட்டியரோ அதை எட்டு வரியாக உடைத்துப் போட்டது. ஏனென்றால் அதன் கணக்கில் இது 105. யூனிகோட்டில் ‘பு’ என்பது பகரம் ஒன்று, உகரக்குறி ஒன்று. புள்ளியும் தனி. நமக்கு ஒன்பது எழுத்தான புதுக்குடியிருப்பு அதற்குப் பதினெட்டு. ஐரோப்பிய மொழிகளின் ஒட்டுக்குறிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடத் தெரிந்த கருவி, சீன எழுத்தை இரண்டு அகலமாக எண்ணத் தெரிந்த கருவி, நம் குறிகளை முழு எழுத்தாகவே எண்ணுகிறது. திரையில் ‘யா’ போன்றவை ‘ப’வைவிட அகலம்தான், ஆகவே 77 என்பதும் துல்லியமான அளவல்ல. ஆனாலும் 105 என்பது நாம் எழுத்தை எண்ணும் கணக்கல்ல.

நிரல் இதனால் கெடாது. நீண்ட தமிழ் வாக்கியத்தை நடுவில் வெட்டவும் மாட்டாது. பட்டியல்கள் மட்டும் தேவையில்லாமல் கீழே நீளும். அப்படியான வரிக்கு மேலே ‘பிரிட்டியர் இக்னோர்’ என்று ஒரு குறிப்பு வைத்தால் தொடாமல் போகும். வரி அகலத்தை 100 ஆக்கலாம்தான், ஆனால் எங்கள் வரிக்கு அதுவும் போதாது, ஆங்கிலக் கோட்டும் வீணாக நீளும். எனக்குக் குறிப்பு வைப்பதே நல்லதாகப் பட்டது.

எச்டிஎம்எல்லில் அழகு குறைவு. ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பக்கத்தின் தோற்றம் மாறலாம் என்று பயந்து, மூடும் கோணக்குறியைக் கழற்றி அடுத்த வரியின் தொடக்கத்தில் தொங்கவிடுகிறது. தமிழ்ப் பந்திகள் நிறைந்த பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். காரணம் நியாயமானது, பார்க்கச் சகிக்காது.

போட்டிக்கு ரஸ்ட் மொழியில் எழுதிய ‘பயோம்’ இருக்கிறது. பிரிட்டியரின் சோதனைகளில் 95 வீதத்தைத் தாண்டும் ரஸ்ட் கருவிக்கு 2023இல் பரிசு அறிவித்தவர்களில் முதல்வர் பிரிட்டியரை வளர்த்தவர்களில் ஒருவரான கிறிஸ்தோபர் ஷெடோ. அந்தப் பரிசை வென்றது பயோம். வேகம் அபாரம். ஆனால் இறக்கும் பொதி பெரியது, பிரிட்டியர் பார்க்கும் கோப்பு வகை எல்லாவற்றையும் அது பார்ப்பதுமில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கொழும்புக் கம்பனிக்கு அது இலாபம். எங்கள் பஸ் பக்கத்தின் அளவுக்கு, சேமிக்கும் கணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிரிட்டியரே இருக்கட்டும் என்று விட்டோம். அக்கா மட்டும் இன்னும் நாலு இடைவெளிதான் வாசிக்கச் சுகம் என்கிறார்.