ஏரேட்டருக்கு முன்னால் ஒரு மீட்டர்

பெங்களூரைச் சுற்றிப் பண்ணைக் குட்டை வெட்டி கட்லா, ரோகு விடுகிறவர்கள் கையில் காசு சேர்ந்ததும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வாங்குகிறார்கள். நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் பக்கம் போகிறவர்கள் குறைவு. ஏரேட்டரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது மீட்டர் இல்லாமல் தெரியாது.

ஹெசரகட்டா பக்கம் தெரிந்தவர் ஒருவரின் குட்டையில் லூட்ரான் டி.ஓ.-5509 மீட்டரை இறக்கிப் பார்த்தேன். தைவான் தயாரிப்பு. கையில் அடங்கும் பெட்டி, ஒயரின் முனையில் புரோப். புரோப்பின் மூடியில் மெல்லிய சவ்வு, உள்ளே எலக்ட்ரோலைட் திரவம். ஆன் செய்த உடனே அளந்தால் எண் தாறுமாறாக வரும். சில நிமிடம் விட்டு, காற்றில் பிடித்து 20.9 சதவீதத்துக்குச் சரிசெய்த பிறகே தண்ணீரில் விட வேண்டும்.

இந்த ஊரில் பலர் தவறவிடுவது மீட்டரில் உள்ள உயர அமைப்பை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு. சென்னையில் 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால் இங்கே 7.4 தான். மீட்டரில் உயரத்தைப் பூஜ்யமாக விட்டால் உள்ளதைவிடப் பத்து சதவீதம் கூட்டிக் காட்டும். 3.3 என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். குளத்தில் இருப்பது 3. கட்லா, ரோகு போன்ற கெண்டைக்கு 5 இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது, மேலே வந்து வாய் பிளக்கும்.

இன்னொரு தொந்தரவு, புரோப்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வகை சென்சார் அளக்கும்போதே சவ்வருகில் இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. சும்மா தொங்கவிட்டால் எண் இறங்கிக்கொண்டே போகும். ஒளியால் அளக்கும் ஆப்டிகல் மீட்டர்களுக்கு இந்தப் பாடு இல்லை, விலை மட்டும் பல மடங்கு. குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறவர் அதை வாங்கலாம். ஓரிரு குட்டை வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

பாசி பிடித்துப் பச்சையான அந்தக் குட்டையில் பிற்பகல் எண் 11-ஐத் தாண்டியது. விடியும் முன்னே 2.6. பகலில் ஆக்சிஜன் விடும் அதே பாசி இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்கிறது. மத்தியானம் மட்டும் அளந்து குறித்து வைக்கிற நோட்டுக்கு அர்த்தமே இல்லை. 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தபோது, கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் அற்றுப்போனதையே காரணமாகச் சொன்னார்கள். குட்டையில் உரமாகச் சாணத்தை அளவில்லாமல் கொட்டினாலும் நடப்பது அதுதான்.

விடிகாலை எண் 3-க்கு வந்தால் ஏரேட்டரை ஓட்டுங்கள், அன்றைக்குச் சாணம், தீனி இரண்டையும் நிறுத்துங்கள். அவசரத்துக்கு போர்வெல் தண்ணீரை அப்படியே திறந்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஆக்சிஜன் இருப்பதே இல்லை. உயரத்திலிருந்து சிதறி விழும்படி பைப்பைக் கட்டுங்கள். மீட்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் மாற்றுச் சவ்வும் எலக்ட்ரோலைட்டும் ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டு, கூடவே வாங்கிவிடுங்கள். சவ்வு கிழிந்தால் மீட்டர் வெறும் பெட்டிதான்.